ஹீமோகுளோபின் அதிகம் என்று வந்தால்: ரத்த ரிப்போர்ட்டை எந்த வரிசையில் படிப்பது

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன லேபில் வேலை எனக்கு. ரத்தம் எடுப்பது, மெஷினில் போடுவது, ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். எச்பி, அதாவது ஹீமோகுளோபின், 8 என்று வந்தால் வாங்குபவர் முகம் வாடிவிடும். 17.8 என்று வந்தால், “ரத்தம் நல்லா ஊறியிருக்கு” என்று காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். வேறு சிலர் வாசற்படியிலேயே நின்று போனில் தேடி, ரத்தப் புற்றுநோய் என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு வியர்த்துப்போய் உள்ளே திரும்பி வருவார்கள்.

இரண்டு பேரும் செய்யும் தவறு ஒன்றுதான். ஒரே ஒரு வரியைப் படித்து முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எச்பி என்பது இவ்வளவு ரத்தத்தில் இவ்வளவு சிவப்புப் பொருள் என்ற விகிதக் கணக்கு. சிவப்பு கூடினாலும் எண் ஏறும். தண்ணீர் குறைந்தாலும் எண் ஏறும். நடந்தது இதில் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் மொத்த வேலையும்.

நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போகும்வரை நீங்களே பார்க்கக்கூடியதையும், போன பிறகு ஒவ்வொரு டெஸ்ட்டும் எதற்கு என்பதையும் வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். மாற்றினால்தான் பணமும் தூக்கமும் போகின்றன.

1. எண்ணைப் பார்க்கும் முன் ஆளைப் பாருங்கள்

ஒரு பக்கக் கை கால் திடீரென மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, நெஞ்சுவலி, பார்வை சட்டென மங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல். இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். சிவப்பணு மிகுந்து ரத்தம் கெட்டியானால் உள்ளேயே உறைந்து குழாயை அடைக்கும் அபாயம் உண்டு.

அடுத்து, காய்ச்சல். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே டெங்கு வராத வருடம் குறைவு. எல்லோரும் பிளேட்லெட்டை மட்டும் பார்க்கிறார்கள். டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியே போகும்; உள்ளே மிஞ்சும் ரத்தம் கெட்டியாகும்; எச்பியும் பிசிவியும் ஏறும். பிசிவி என்றால் மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் இடம் பிடித்திருக்கின்றன என்ற அளவு.

வழக்கமாக 40 இருக்கிறவருக்கு 48 வந்தால் அது 20 சதவீத ஏற்றம். ஆண்களுக்குப் பல லேபுகளில் 50 வரை நார்மல் என்று அச்சாகியிருப்பதால் அந்த 48க்கு, எல்லை தாண்டியதைக் காட்டும் ஸ்டார் குறிகூட விழாது. ஆனால் பிளேட்லெட் இறங்கி, பிசிவி ஏறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் இருந்தால் ரிப்போர்ட்டுக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் விட்டதும் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோமே, அந்த ஒன்றிரண்டு நாளில்தான் இந்தக் கசிவு பெரும்பாலும் நடக்கிறது.

காய்ச்சலும் இல்லை, மேலே சொன்ன அறிகுறிகளும் இல்லை என்றால் அவசரம் இல்லை. உட்கார்ந்து பொறுமையாகப் படிக்கலாம்.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

எச்பி மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு போதாது. எல்லா ரத்த அணுக்களின் கணக்கும் உள்ள சிபிசி என்ற முழுப் பக்கம் வேண்டும், ஏனென்றால் பக்கத்து வரிகள் இல்லாமல் இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பழைய ரிப்போர்ட்களைத் தேடி எடுங்கள். ஆபரேஷனுக்கு முன் எடுத்தது, பிரசவத்தின்போது எடுத்தது, சிப்காட்டில் வேலை என்றால் கம்பெனி மெடிக்கல், எதுவானாலும் சரி. பத்து வருடமாக 16.8லேயே நிற்கிறவரும், இரண்டே வருடத்தில் 14லிருந்து 16.8க்கு வந்தவரும் ஒன்றல்ல. இரண்டாமவருக்கு ஏதோ மாறியிருக்கிறது. புது ரிப்போர்ட் ஒன்றால் மட்டும் இதைச் சொல்லவே முடியாது.

சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்து வையுங்கள். பெயர் மறந்துபோய் “அந்த வெள்ளை மாத்திரை” என்றால் டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

3. படிப்பது ஹீமோகுளோபினைத்தானா?

சிரிக்காதீர்கள். வாரத்துக்கு ஒருவராவது இதில் தடுமாறுகிறார்.

எச்பிஏ1சி என்பது சர்க்கரைக்கான டெஸ்ட். ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று சொல்வது அது. ஏ1சி 9.4 என்று வந்ததைப் பார்த்து, ரத்தம் குறைந்துவிட்டது என்று பேரீச்சம்பழமும் மாதுளை ஜூஸுமாகக் குடித்து சுகரை இன்னும் ஏற்றிக்கொண்டவர் ஒருவர் உண்டு. எதிர்ப்பக்கமும் நடக்கிறது. “எச்பி கூடிப்போச்சு தம்பி” என்று பதறி வந்த ஓர் அம்மாவுக்குக் கூடியிருந்தது ஏ1சி.

இரண்டாவது குழப்பம் ஆர்பிசி. அது சிவப்பணுக்களின் எண்ணிக்கை. எண்ணிக்கை 6.3 என்று ஸ்டாரோடு நிற்கும், ஆனால் எச்பி 12.6, எம்சிவி (ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 66 என்று இருக்கும். இங்கே ரத்தம் அதிகமில்லை. அணுக்கள் சின்னதாகவும் நிறையவும் இருக்கின்றன. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு உள்ளவர்களுக்கு இப்படி வருவது வழக்கம். அது வேறு விஷயம். குறிப்பாகக் கல்யாணத்துக்கு முன் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

மூன்றாவது, அலகு. நம் ஊரில் டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்று போடுகிறோம். வெளிநாட்டு ரிப்போர்ட் சிலவற்றில் லிட்டருக்குக் கிராம் இருக்கும். 172 என்று இருந்தால் பயப்படாமல் பத்தால் வகுங்கள், 17.2.

4. யாருக்கு எவ்வளவு அதிகம்?

ஆண்களுக்குச் சுமார் 13 முதல் 17 வரை, பெண்களுக்கு 12 முதல் 15 வரை. லேபுக்கு லேப் இந்த எல்லை அரைப் புள்ளி முன்பின்னாக இருக்கும். அதனால் உங்கள் ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் அச்சாகியிருக்கும் எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் ரிப்போர்ட்டோடு அல்ல. சில சமயம் பெண்ணுக்கு ஆண் என்று பதிவாகி, தவறான எல்லை அச்சாகிவிடும். பெயர், வயது, பாலினம் மூன்றையும் ஒரு தடவை சரிபாருங்கள்.

ஸ்டார் விழுவதும் டாக்டர் யோசிக்க ஆரம்பிப்பதும் ஒரே இடத்தில் இல்லை. பாலிசைத்தீமியா வீரா என்ற எலும்பு மஜ்ஜை நோயைத் தேடுவதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல், ஆணுக்கு எச்பி 16.5க்கு மேல் அல்லது பிசிவி 49க்கு மேல்; பெண்ணுக்கு 16க்கு மேல் அல்லது 48க்கு மேல். இதைத் தாண்டினால் அந்த நோய் என்று அர்த்தமில்லை. தாண்டியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது இல்லை. கேள்வி கேட்க வேண்டிய இடம் அது, அவ்வளவுதான்.

பிறந்த குழந்தைக்கு 18, 19 என்று இருப்பது இயல்பு. அதைப் பெரியவர்களின் எல்லையோடு ஒப்பிட்டு அழுத பாட்டிகள் உண்டு. கர்ப்பிணிக்கு நேரெதிர்: ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் எச்பி இறங்கத்தான் வேண்டும். இறங்காமல் உயரத்திலேயே நின்றால், நல்லது என்று விட்டுவிடாமல் அடுத்த செக்கப்பில் சொல்லுங்கள்.

5. பக்கத்து வரிகளோடு பொருத்துங்கள்

லேபில் நாங்கள் போடும் முதல் மனக்கணக்கு இது. ஆர்பிசியை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய எச்பி. எச்பியை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய பிசிவி. ஆர்பிசி 5.9, எச்பி 17.8, பிசிவி 53 என்றால் மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. மெஷின் படித்தது சரி.

எச்பி 18.6, பிசிவி 44 என்று வந்தால்? 18.6ஐ மூன்றால் பெருக்கினால் 56 வர வேண்டும். வரவில்லை. இப்போது எம்சிஎச்சி வரியைப் பாருங்கள் (சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்ற அளவு), 42 என்று இருக்கும். அந்த எண் 36, 37ஐத் தாண்டினால் அநேகமாக எங்கோ பிழை.

அடிக்கடி பார்க்கும் காரணம், ரத்தத்தில் கொழுப்பு. டிரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்தால் நீர்ப்பகுதி பால் மாதிரி வெளுத்திருக்கும். மெஷின் ஒளியைப் பாய்ச்சி எச்பியை அளப்பதால் அந்தக் கலங்கலையும் ஹீமோகுளோபின் என்று எண்ணிக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்குக் கவனிக்க வேண்டியது கொழுப்பைத்தான். (எம்சிஎச்சி உயர்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட டாக்டரிடம் கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.)

கூடவே வெள்ளணுவையும் தட்டணுவையும் (பிளேட்லெட்) ஒரு பார்வை பாருங்கள். எச்பியோடு சேர்ந்து அவையும் உயர்ந்திருந்தால் பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். ஒன்பதாம் படியில் வேலைக்கு வரும்.

6. தண்ணீர்க் கணக்கு

என் மேஜைக்கு வரும் ‘எச்பி அதிக’த்தில் நிறைய இங்கேயே முடிந்துவிடுகிறது.

வெறும் வயிற்றில் சுகர் பார்க்க வேண்டும் என்று சொன்னால் நம் மக்கள் தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார்கள். முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டது, மறுநாள் காலை ஒன்பதரைக்கு வரிசையில் நிற்கும்போது உதடு காய்ந்திருக்கும். வெறும் வயிறு என்றால் சாப்பாடு, காபி, டீ வேண்டாம் என்றுதான் அர்த்தம். வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கத்தான் வேண்டும். சிபிசிக்கோ வெறும் வயிறே தேவையில்லை. சுகரோடு சேர்த்து எடுப்பதால் அதுவும் பட்டினியில் மாட்டிக்கொள்கிறது.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு மீனவ அண்ணன். இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டுக் கரையேறிய கையோடு வந்து ரத்தம் கொடுத்தார். எச்பி 17.9, பிசிவி 54. ஒரு வாரம் கழித்து, நன்றாகத் தூங்கி, தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது 15.9, 48. இடையில் எந்த மருந்தும் இல்லை.

ரத்தம் கொடுப்பதற்கு முந்தின இரண்டு நாளில் இவை நடந்தனவா என்று யோசியுங்கள்: வாந்தி, பேதி, அக்கினி நட்சத்திர வெயிலில் வேலை, நோன்பு, சிறுநீர் அதிகம் போக வைக்கும் பிரஷர் மாத்திரை. மதுவும் உடம்பிலிருந்து நீரை இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி போய்விட்டு வந்து திங்கள் காலை லேபுக்கு வருகிறவர்களிடம் நான் காரணம் கேட்பதில்லை, புதன்கிழமை வரச் சொல்லிவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை. பிசிவி ஆணுக்கு 60ஐயோ பெண்ணுக்கு 56ஐயோ தாண்டினால் தண்ணீர்க் குறைவு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். அந்த உயரத்துக்குத் தண்ணீர் மட்டும் காரணமாக இருப்பது அரிது. மறுபரிசோதனைக்குக் காத்திராமல் டாக்டரைப் பாருங்கள்.

7. மறுபடி ரத்தம் கொடுப்பது

ஒரு ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவும் வேண்டாம். லேசான உயர்வு என்றால் ஒன்று, இரண்டு வாரம் விட்டு மறுபடி பார்க்கலாம். அதே லேபில் கொடுங்கள். லேபை மாற்றினால் மெஷினும் மாறும். வித்தியாசம் உங்கள் உடம்பிலா மெஷினிலா என்று தெரியாமல் போகும்.

முந்தின நாளும் அன்று காலையும் வழக்கம்போலத் தண்ணீர் குடியுங்கள். எண்ணை இறக்க வேண்டும் என்று இரண்டு லிட்டரை ஒரே மூச்சில் குடிப்பதும் தவறு. நமக்கு வேண்டியது உண்மை எண், அழகான எண் அல்ல.

மாடிப்படி ஏறி வந்த வேகத்தில் கையை நீட்ட வேண்டாம். பதினைந்து நிமிடம் உட்காருங்கள். நிற்கும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி கொஞ்சம் திசுக்களுக்குள் இறங்குவதால் எச்பி சற்றுக் கூடிக் காட்டும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அன்று காலை அதற்கு விடுமுறை.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு நரம்பு தேடித் தேடி இரண்டு, மூன்று நிமிடம் ஆனால் அந்த இடத்து ரத்தம் கெட்டியாகிவிடும். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால், “கொஞ்சம் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்க” என்று தாராளமாகச் சொல்லலாம். ஊதா மூடி டியூபில் கோடு வரை ரத்தம் வர வேண்டும். எடுத்த உடனே எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. மெஷினில் போடும் முன்பும் அப்படியே கலக்க வேண்டும். டியூபை நிறுத்தி வைத்தால் சிவப்பணு அடியில் தங்கிவிடும். கலக்காமல் உறிஞ்சினால் வரும் எண் எதையும் சொல்லாது. நான் வேலை கற்றுக்கொண்ட இடத்தில் இந்தத் தவறை நானே செய்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

8. இரண்டாம் முறையும் அதிகமா? வாழ்க்கையைப் புரட்டிப் பாருங்கள்

இப்போது சிவப்பணு உண்மையிலேயே கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பு ஏன் கூடுதலாகத் தயாரிக்கிறது? பெரும்பாலும் ஆக்சிஜன் போதவில்லை என்று நினைப்பதால்.

முதல் சந்தேகம் புகை. பீடிப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பகுதி இப்படி முடங்கிப்போவதால் உடம்பு ஈடுகட்ட இன்னும் செய்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் இதைக் கண்டுபிடிக்காது. முடங்கியதையும் நல்லதாக எண்ணி 98 காட்டும். புகையை நிறுத்தினால் எண் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் இறங்கும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் நாலு நாளில் எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது, தூக்கம். இந்தக் கேள்வியை மனைவியிடம் அல்லது கணவரிடம்தான் கேட்க வேண்டும்: குறட்டை நடுவே மூச்சு நின்று, திணறி, மறுபடி தொடங்குகிறதா? பகலில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூக்கம் சொக்குகிறதா? தூக்கத்தில் மூச்சடைப்பு இருப்பவருக்கு இரவு முழுக்க ஆக்சிஜன் இறங்கி இறங்கி ஏறும்.

நாள்பட்ட நுரையீரல் நோயும் சில வகைப் பிறவி இதய நோய்களும் இதே கணக்கில் வரும். உயரமான இடமும் காரணம்தான், ஆனால் கடலூரும் புதுச்சேரியும் கடல் மட்டத்தில் கிடப்பதால் நமக்கு அது பொருந்தாது. லடாக்கின் லே பக்கம் பணியிலிருந்து விடுப்பில் வந்த ராணுவ வீரர் என்றால் பொருந்தும்.

அடுத்து மாத்திரை அட்டைகள். சர்க்கரைக்கு இப்போது நிறையப் பேர் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் எச்பியையும் பிசிவியையும் கொஞ்சம் ஏற்றும். தெரிந்த விளைவுதான். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் அட்டையைக் காட்டுங்கள்.

ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. டெஸ்டோஸ்டிரோன் ஊசி, உடம்பு ஏற்றும் ஸ்டீராய்டு போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். 26 வயதுப் பையனுக்கு 19 வருகிறது, வீட்டில் புற்றுநோயோ என்று அழுகிறார்கள், அவன் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் எத்தனையோ டெஸ்ட்டுகளை மிச்சப்படுத்தியிருக்கும்.

9. டாக்டரிடம்: எந்த டெஸ்ட் முதலில்?

முதலில் பொது மருத்துவர் போதும். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசு தலைமை மருத்துவமனையிலோ, வழக்கமாகப் போகும் டாக்டரிடமோ தொடங்கலாம். நேராகப் பெரிய டெஸ்ட்டுக்கு ஓடுவதுதான் இங்கே நடக்கும் செலவான தவறு. போனில் படித்துவிட்டு, “ஜாக்2 எடுக்கணும், எவ்வளவு ஆகும்?” என்று நேரே லேபுக்கு வருகிறார்கள்.

டாக்டர் பொதுவாக ஆக்சிஜன் அளவு, நெஞ்சு எக்ஸ்ரே, சிறுநீர், கிரியேட்டினின், வயிற்று ஸ்கேன் என்று தொடங்குவார். சிவப்பணு தயாரிக்கச் சொல்லும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் சுரக்கிறது; அங்கே கட்டியோ ரத்த ஓட்டக் குறைவோ இருந்தாலும் எச்பி ஏறும் என்பதால் ஸ்கேன். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று அறிய.

காரணம் கிடைக்கவில்லை என்றால் ரத்தத்தில் அந்த ஹார்மோன் அளவு. ஆக்சிஜன் குறைவால் ஏறிய எச்பி என்றால் அது நார்மலாகவோ கூடவோ இருக்கும். மஜ்ஜை தன்னிச்சையாகத் தயாரிக்கிறது என்றால் குறைந்திருக்கும். அப்போது ஜாக்2 மரபணு டெஸ்ட். பாலிசைத்தீமியா வீரா உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு வி617எஃப் என்ற மாற்றம் அதில் தெரியும்.

சில தடயங்கள் இருந்தால் மட்டும் டாக்டர் இந்த வரிசையைச் சுருக்கி நேராக ஜாக்2வுக்குப் போகலாம்: குளித்த பிறகு உடம்பெல்லாம் அரிப்பு, உள்ளங்கை பாதத்தில் எரிச்சலும் சிவப்பும், கொஞ்சம் சாப்பிட்டதும் இடப்பக்க வயிறு நிரம்புவது, முன்பு எப்போதாவது ரத்தம் உறைந்து குழாயை அடைத்தது, வட்டம் போட்டு வைத்த வெள்ளணு, தட்டணு உயர்வு. குளித்ததும் வரும் அரிப்பை யாரும் தானாகச் சொல்வதில்லை, சோப்பை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அந்த நோய்தான் என்று உறுதியானாலும் சிகிச்சை உண்டு. ரத்ததானம் போலவே கையிலிருந்து ரத்தம் எடுத்து பிசிவியை 45க்குக் கீழே வைப்பார்கள். 2013இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், அந்த அளவுக்குக் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை தெளிவாகக் குறைந்திருந்தன. கூடவே குறைந்த அளவு ஆஸ்பிரின், தேவைப்பட்டால் அணுக்கள் உற்பத்தியைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து.

10. இடையில் செய்யக் கூடாதவை

முருங்கைக்கீரையையும் பீட்ரூட்டையும் நிறுத்துவது. சாப்பாட்டால் எச்பி இந்த உயரத்துக்குப் போகாது. ஆனால் யாரோ சொன்னார்கள் என்று சாப்பிடும் இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். பாலிசைத்தீமியாவில் இரும்பு குறைந்து காட்டும். அதைப் பார்த்து நாமாக மாத்திரை போட்டால் சிவப்பணு இன்னும் ஏறும்.

‘ரத்தம் மெலிய’ என்று மெடிக்கல் ஷாப்பில் ஆஸ்பிரின் வாங்கிப் போடுவது. அது உறைதலைத் தடுக்குமே தவிர எச்பியை இறக்காது. டெங்கு நேரத்தில் போட்டால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.

எண்ணைக் குறைக்கலாம் என்று ரத்ததான முகாமுக்குப் போவது. ஆரோக்கியமான ஆண் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். காரணம் தெரியாத உயர்வோடு கொடுத்தால் உங்கள் எண் தற்காலிகமாக இறங்கி, டாக்டர் தேடும் தடயம் அழியும். பாலிசைத்தீமியா இருந்தால் அந்த ரத்தத்தை வேறொருவருக்கு ஏற்றவும் மாட்டார்கள்.

கோரிமேடு ஜிப்மருக்கு எழுதிக் கொடுத்தால், பரிந்துரைக் கடிதத்தோடு எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் அடுக்கி, பழையது அடியிலும் புதியது மேலேயும் இருக்கும்படி ஒரே ஃபைலில் வையுங்கள். முதல் பக்கத்தில் வெள்ளைத்தாளில் தேதி, எச்பி, பிசிவி மட்டும் மூன்று பத்தியாக எழுதி ஒட்டுங்கள். ஓ.பி.யில் டாக்டர் முன் உட்காரும் நேரம் கொஞ்சம்தான்; அதை ஃபைல் புரட்டுவதில் போக்க வேண்டாம். தண்ணீர் பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், அங்கேயும் முதலில் ரத்தம்தான் எடுப்பார்கள்.